புழுவுக்கும் ஒரு பங்கு

எலுமிச்சைக் கன்றின் தளிரில் ஒரு நாள் காலை பறவை எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். கருமையும் பழுப்புமாக, நடுவில் வெள்ளைத் தீற்றலோடு, ஈரப் பளபளப்போடு. மறுநாள் பார்த்தால் அது இரண்டு இலை தள்ளிப் போயிருக்கும். விட்டுப்போன இடத்தில் இலையின் ஓரம் அரைவட்டமாக அரிக்கப்பட்டிருக்கும். அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. தன்னைத் தின்ன வரும் பறவையை ஏமாற்றப் பறவையின் எச்சம் போலவே உருவம் கொண்டிருக்கிறது. சில முறை தோலுரித்து வளர்ந்த பிறகு அந்த உருவத்தைக் கழற்றிவிட்டு இளம் பச்சைக்கு மாறி, இலையோடு இலையாகிவிடும். அப்போது ஒரு புல் நுனியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கவைக்கொம்பு ஒன்று வெளியே நீளும். கூடவே மூக்கில் ஏறும் ஒரு நெடி. எறும்பையும் சிறு பகைகளையும் விரட்ட அந்தப் புழுவிடம் இருப்பது அவ்வளவுதான்.

முட்டையிலிருந்து சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தை முடிக்கும் வாய்ப்பு பெங்களூரு மாடித் தோட்டங்களில் அதற்குக் கிடைப்பது அரிது. முதல் ஓட்டை விழுந்ததுமே, “பூச்சி விழுந்துடுச்சு” என்று தெளிப்பானை எடுத்துவிடுகிறோம். கடை மருந்து வேண்டாம் என்று நினைக்கும் நல்ல மனசுக்காரர்கள்கூட வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிறார்கள். அதுவும் புழுவைத் தின்னவிடாமல் செய்வதுதான். ஆறு மாதம் கழித்து அதே வீட்டில், “முன்னெல்லாம் எவ்வளவு பட்டாம்பூச்சி வரும், இப்ப கண்ணுலயே படறதில்லை” என்ற வருத்தம் எழுகிறது. பட்டாம்பூச்சிக்கு ஆசைப்பட்டு, வண்ண வண்ணமாகப் பூச்செடி வாங்கி வைத்த வீடாக அது இருக்கும்.

பூ, வளர்ந்த பட்டாம்பூச்சிக்குத் தேன் கொடுக்கிறது. எந்த ஊர்ப் பூவானாலும் தேன் இருந்தால் வந்து குடித்துவிட்டுப் போகும். ஆனால் முட்டையிட அதற்குத் தன் குலத்துக்குப் பழகிய செடிதான் வேண்டும். பொரிந்து வரும் புழு தின்ன அதன் இலைதான் வேண்டும். செடி தன் இலையில் வைத்திருக்கும் நஞ்சைச் சமாளிக்க அந்தப் பூச்சியினம் லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கிறது. வேறு கண்டத்துச் செடியோடு அந்தப் பழக்கம் ஒன்றிரண்டு தலைமுறையில் வந்துவிடாது. நாட்டுச் செடிகளை வையுங்கள் என்று சூழலியலாளர்கள் சொல்வதன் மையம் இதுதான். இலை தின்னப்பட வேண்டும். தின்னப்படும் இலை இல்லாத தோட்டம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் உயிர்களுக்கு அது கடந்துபோகும் பாதை மட்டுமே.

பெங்களூருவில் இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. தோட்ட நகரம் என்று பேர் வாங்கிய ஊர் இது. அந்தப் பேர் முழுக்க முழுக்கக் கண்ணுக்காகச் சம்பாதித்தது.

கண்ணுக்கு வைத்த தோட்டம்

1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் விரிவாக்கிய லால்பாக், இன்று 240 ஏக்கர். வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து பழக்கும் களமாகவே அது வளர்ந்தது. 1874 முதல் 1908 வரை அதன் பொறுப்பில் இருந்த ஜான் கேமரூன் காலத்தில்தான் சௌசௌ போன்ற காய்கள் இங்கே வேரூன்றின. நம் வீடுகளில் அதைப் பெங்களூர் கத்தரிக்காய் என்றே சொல்லிவந்தார்கள். கேமரூனுக்குப் பின் வந்த ஜெர்மானியர் குஸ்டவ் ஹெர்மன் கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தெரு பூத்துக் குலுங்கும்படி, ஒன்று முடிந்ததும் மற்றொன்று பூக்கும் மரங்களைச் சாலை சாலையாகத் திட்டமிட்டு வைத்தார். தென் அமெரிக்காவின் ஜகரந்தா, தபெபூயா, மடகாஸ்கரின் குல்மொஹர், நாம் தூங்குமூஞ்சி என்று சொல்லும் அமெரிக்க மழைமரம் என்று இன்று பெங்களூருவின் முகமாக இருக்கும் மரங்களில் பாதி அயல் மரங்கள்தான்.

1980-களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹாள் நகரம் முழுக்கச் சுமார் 15 லட்சம் கன்றுகளை நடவைத்தார். வீட்டு வாசலில் கன்றை வைத்து, வேலி போட்டு, அந்த வீட்டுக்காரரையே பாதுகாவலாக்கிய முறை அவருடையது. 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. இன்றைக்கு ஜெயநகரிலும் மல்லேஸ்வரத்திலும் நிழலில் நடக்கிறோம் என்றால் அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆகவே நான் இந்த மரங்களைக் குறை சொல்ல வரவில்லை. மழைமரத்தின் உச்சியில் கரும்பருந்து கூடு கட்டுகிறது; அதன் நிழல் தார்ச்சாலையின் கொதிப்பை அடக்குகிறது. கேள்வி, இனி நடப்போகும் செடியைப் பற்றியது. மரத்தின் கீழே, மதில் ஓரத்தில், பால்கனியில், காம்பவுண்டு மூலையில் நாம் எதை வைக்கப்போகிறோம் என்பது.

தமிழர்களுக்கு இந்தத் தோட்டக் கதையில் சொந்தப் பங்கும் உண்டு. பெங்களூருவின் கரகத் திருவிழாவை நடத்தும் திகளர் சமூகம் தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகம். லால்பாக்கிலும் ஏரிக்கரைக் காய்கறித் தோட்டங்களிலும் அவர்கள் உழைப்புதான் மண்ணைப் பண்படுத்தியது. அவர்கள் கரையில் பயிர் செய்த சம்பங்கி ஏரியின் மேல்தான் இன்று கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. கரகச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம்.

இந்த மண்ணில் என்ன இருந்தது?

‘நாட்டு மரம்’ என்றதும் பலர் மனதில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்காடு வந்து நிற்கிறது. பெங்களூரு அப்படிப்பட்ட ஊரே இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் பாறைமேட்டில் கிடக்கும் வறண்ட பீடபூமி இது. முட்புதர், இலையுதிர் மரங்கள், இடையிடையே புல்வெளி என்பதுதான் இதன் இயல்பு. துரஹள்ளிக் காட்டுக்கோ ஹெசரகட்டாவுக்கோ போனால் அது தெரியும். ஹெசரகட்டாவின் புல்வெளியில் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து இரை தேடுகின்றன. வெறும் பொட்டல் என்று நினைத்து அங்கே மரம் நடப் பலமுறை முயற்சி நடந்தது. மரம் நட்டால் புல்வெளியை நம்பிய உயிர்கள் போய்விடும் என்று பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2024-ல்தான் ஹெசரகட்டாவைச் சுற்றி ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது. துரஹள்ளியில் நடைபாதையும் அலங்காரமுமாக ‘மரப் பூங்கா’ அமைக்கும் திட்டத்துக்கு எதிராக 2021 பிப்ரவரியில் மக்கள் திரண்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

மியாவாக்கி முறையில் சிறு இடத்தில் நெருக்கி நடும் அடர்வனங்களும் இந்த ஊரோடு தொடர்புடையவைதாம். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் மரம் நட வந்தபோது, அங்கே பொறியாளராக இருந்த சுபேந்து சர்மா அந்த முறையைக் கற்று, 2011-ல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். தொழிற்சாலைக் காம்பவுண்டுக்கும் பள்ளி வளாகத்துக்கும் அது பொருந்தலாம். ஆனால் புல்லும் புதரும் இயல்பாக உள்ள இடத்தை அடர்வனமாக்குவது அந்த இடத்தின் உயிர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. வீட்டுத் தோட்டக்காரருக்கு இதில் நல்ல செய்தி இருக்கிறது: இந்த ஊரின் இயல்பான செடிகளில் பெரும்பாலானவை சிறியவை, வறட்சி தாங்குபவை. தும்பைக்கும் ஆவாரைக்கும் நொச்சிக்கும் ஆடாதோடைக்கும் பெரிய இடம் வேண்டாம்.

மேலும் ஒன்று. இந்த ஊரில் வாழும் தமிழருக்கு ‘இந்த மண்ணுக்குரியது, வெளியிலிருந்து வந்தது’ என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். மனிதருக்குப் போட்ட அந்தக் கணக்கைச் செடிக்குப் போடக் கூடாது. செடியின் கணக்கை மனிதருக்கும் போடக் கூடாது. செடியிடம் கேட்க வேண்டியது, இங்கே உன்னை யார் தின்கிறார்கள், உன்னில் யார் கூடு கட்டுகிறார்கள் என்பதைத்தான். தேவனஹள்ளிக்குப் பக்கத்தில் நல்லூரில் ஏறத்தாழ முந்நூறு கிழட்டுப் புளியமரங்கள் நிற்கும் தோப்பை, 2007-ல் நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பதே தாவரவியலாளர் கருத்து. ஆனாலும் பல நூறு ஆண்டுகளாக இங்கே நின்று, பொந்துகளில் ஆந்தைக்கும் வௌவாலுக்கும் இடம் கொடுத்த மரத்தை அயலார் என்று யார் சொல்வது?

ஐம்பது தோட்டங்கள்

மதுமிதா ஜெகன்மோகன், லயனல் சுஜய் வைல்சேரி, ஹரிணி நாகேந்திரா ஆகியோர் பெங்களூருவின் 50 வீட்டுத் தோட்டங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு, தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இரவில் விளக்குப் பொறியும் தரையில் குழிப் பொறியும் வைத்து எண்ணினார்கள். 10 வரிசைகளைச் சேர்ந்த 2,185 பூச்சிகள் கிடைத்தன. அந்த ஐம்பது தோட்டங்களில் 25 வகை மரங்களும் 117 வகைச் செடிகொடிகளும் இருந்தன. செடி வகை கூடக் கூடப் பூச்சி வகையும் கூடியது. இது எதிர்பார்த்ததுதான். மற்ற முடிவுகள்தான் நம் பழக்கத்தைத் தொடுகின்றன: புல்தரையைவிட வெறும் மண் அதிகம் இருந்த தோட்டத்திலும், களையை மும்முரமாகப் பிடுங்காத தோட்டத்திலும் பூச்சிகள் அதிகம். எருக்குழி வைத்திருந்த வீட்டில் பூச்சி வகைகள் அதிகம். பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது.

வெறும் மண்ணா என்று வியக்கலாம். உலகத்துத் தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக அடை கட்டி வாழ்பவை இல்லை. தனியாக, மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ பெங்களூருத் தோட்டங்களுக்கு வரும். அது கத்தரிப் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். ஒரு கணம் ரீங்காரம் உச்சத்துக்கு ஏறும்; பூவின் மகரந்தப் பையிலிருந்து தூள் கொட்டும். சாதாரணத் தேனீயால் இது முடியாது. அந்த நீலப்பட்டைத் தேனீ முட்டையிட நம் மதில் ஓரத்து மண் வேண்டும். டைல்ஸ் ஒட்டி, மிச்ச இடத்தில் கொரியன் புல் விரித்துவிட்டால் அது எங்கே போகும்?

ரோஜா இலையின் ஓரத்தில் காம்பஸ் வைத்து வெட்டியது போல வட்ட வட்டமாகத் துண்டு காணாமல் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் மருந்து அடிக்கிறோம். வெட்டியது புழு இல்லை, இலைவெட்டித் தேனீ. அந்தத் துண்டைச் சுருட்டிக் கொண்டுபோய், உலர்ந்த தண்டின் பொந்திலோ சுவர் ஓட்டையிலோ தன் குஞ்சுக்கு அறை கட்டுகிறது. உள்ளே மகரந்த உருண்டை வைத்து, மேலே இன்னொரு வட்டத் துண்டால் மூடிவிடுகிறது. செடிக்கு இதனால் ஒரு கேடும் வராது. அந்த வட்டங்களைப் பார்த்தால் மகிழ வேண்டும்.

எருக்கு முதல் புங்கன் வரை

எதை நடுவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது எருக்கு. ரதசப்தமிக்கு எருக்கிலை வைத்துக் குளிக்கிறோம், பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை தேடி கே.ஆர். மார்க்கெட் வரை போகிறோம். கன்னடத்தாரும் இதையே செய்கிறார்கள். வீட்டில் வளர்ப்பது மட்டும் யாரும் இல்லை. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று, அதன் பாலில் உள்ள நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பறவை ஒருமுறை கடித்துத் துப்பினால், பிறகு அந்தப் பட்டாம்பூச்சியின் ஆரஞ்சு நிறத்தை எங்கே கண்டாலும் விலகும். அந்தப் பயத்தை நம்பி, நஞ்சே இல்லாத இன்னொரு பட்டாம்பூச்சியின் பெண் வெந்தய வரியனைப் போலவே உடுத்திக்கொண்டு திரிகிறது. எருக்கம்பூவில் பெரிய கருவண்டு போல் வந்து உட்காரும் தச்சுத் தேனீதான் அதன் மகரந்தத்தைக் கடத்துகிறது. ஒரே செடியில் இவ்வளவும் நடக்கிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தை விளையாடும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும், கிள்ளிய கையைக் கழுவ வேண்டும்.

அடுத்தது கறிவேப்பிலை. கறிவேப்பிலை அழகி பேரிலேயே தன் செடியை வைத்திருக்கிறது. சமையலுக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு பெரிய செடியாக வளர்த்துக்கொண்டால் சண்டைக்கே இடமில்லை. வேலியில் ஏற்ற ஒரு கொடி வேண்டுமென்றால் ஈசுவரமூலி. உடல் சிவந்த அழகிகளும், கர்நாடகத்தின் மாநிலப் பட்டாம்பூச்சியான, உள்ளங்கையைவிட அகலமான பொன்மஞ்சள் சிறகு கொண்ட பெரிய அழகியும் இந்தக் கொடிக் குடும்பத்தை விட்டால் வேறெங்கும் முட்டையிடுவதில்லை. இதிலும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பட்டாம்பூச்சி, அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த தென் அமெரிக்க ஈசுவரமூலி இனக் கொடியைத் தன் கொடி என்று நம்பி முட்டையிட்டது. புழுக்கள் அதன் இலையைத் தின்று செத்தன. அங்கே ஊர்க்காரர்கள் அந்தக் கொடியைப் பிடுங்கி, நாட்டுக் கொடியை வீடு வீடாக நட்டுத்தான் அந்தப் பட்டாம்பூச்சியைக் காப்பாற்றி வருகிறார்கள். நர்சரியில் ஒரே பேரில் விற்கும் எல்லாச் செடியும் ஒன்று அல்ல.

கோடை முடிந்து மழை தொடங்கும் மாதங்களிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பெங்களூருவின் மேல் ஆயிரக்கணக்கில் பட்டாம்பூச்சிகள் ஒரே திசையில் பறப்பதைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கனமழைக்கு ஒதுங்கிக் கிழக்குச் சமவெளிக்குப் போகும் நீல வரியன்களும் கருப்பன்களும், மழை ஓய்ந்ததும் திரும்பிப் போகின்றன. இந்தப் பயணத்தில் அவை இறங்குமிடம் கிலுகிலுப்பைச் செடி. ஆண் பூச்சிகள் அதன் காய்ந்த தண்டிலும் சிதைந்த காயிலும் மொய்த்து உறிஞ்சுகின்றன; அதில் கிடைக்கும் வேதிப்பொருளிலிருந்துதான் பெண்ணைக் கவரும் மணத்தை ஆக்கிக்கொள்கின்றன. பச்சையாகச் செழித்த செடியைவிட, காய்ந்து ‘அசிங்கமாக’ நிற்கும் கிலுகிலுப்பைக்குத்தான் கூட்டம். அதைப் பிடுங்காமல் விட்டுவைப்பதே பெரிய உபகாரம்.

மரத்துக்கு இடம் இருப்பவர்கள் புங்கனை வைக்கலாம். யுகாதியை ஒட்டி அது இலையுதிர்த்துத் தளிர்விட்டுப் பூக்கும்போது தெருவே பூ விரிப்பாகும். தேனீச் சத்தம் கீழே வரை கேட்கும். சில ஆண்டுகளில் புழுக்கள் ஏறி மரத்தையே மொட்டையாக்கும். பயந்துபோய்க் கிளையை வெட்டச் சொல்வார்கள். புங்கன் சில வாரத்தில் மறுபடி துளிர்த்துக்கொள்ளும். தின்ற புழுக்கள் அதற்குள் தையல்சிட்டுக்கும் மைனாவுக்கும் இரையாகியிருக்கும், மிஞ்சியவை பறந்துபோயிருக்கும்.

குஞ்சின் வாய்க்குள் என்ன போகிறது

பறவைக்குத் தானியமும் தண்ணீரும் வைக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் குஞ்சுக்கு வேண்டியது மெத்தென்ற புழு. தேன்குடித்து வாழும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான். வாஷிங்டன் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் டெசிரே நாராங்கோவும் டக்ளஸ் டாலமியும் சகாக்களும் சிக்கடி என்ற சிறு பறவையைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தோட்டத்துச் செடிகளின் நிறையில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் நாட்டுச் செடியாக இருந்த இடத்தில்தான் அந்தப் பறவை தன் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடிந்தது என்று தெரியவந்தது. அந்தக் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. மீதி முப்பது விழுக்காட்டில் ரோஜாவும் செம்பருத்தியும் ஆசைப்பட்ட எதுவும் இருக்கலாம் என்பதையும் அது சொல்கிறது.

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் கூட்டைப் பக்கத்தில் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கொடிக்கம்பியிலோ தாழ்ந்த கிளையிலோ பை போலத் தொங்கும் அந்தக் கூட்டை இழுத்துப் பிடித்திருப்பது சிலந்தி நூல். நாரும் சருகும் மரப்பட்டைத் தூளும் அந்த நூலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்தின் ஒட்டடையை எல்லாம் வாரந்தவறாமல் அடித்துவிட்டால் கூட்டுக்குக் கயிறு இல்லை. குக்குறுவான், பட்டுப்போன கிளையைக் குடைந்துதான் கூடு செய்யும். பாதைக்கு மேலே நிற்கும் பட்ட கிளை ஆபத்து. அதை வெட்டத்தான் வேண்டும். ஆபத்தில்லாத மூலையில் நிற்கும் பட்ட கிளையை விட்டுவைக்கலாம்.

பெங்களூருவில் தேவாங்கு உண்டு என்றால் புதிதாகக் குடிவந்தவர்கள் நம்புவதில்லை. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இன்றும் இருக்கிறது. கன்னடத்தில் காடுபாப்பா, காட்டுக் குழந்தை. கால் கிலோ அளவே இருக்கும் அந்த உயிர் இரவில் இறங்காமல் கிளைவழியே நடந்து பூச்சி தேடுகிறது. அதற்குக் குரங்கு போலத் தாவ வராது. இரண்டு மரத்துக்கு நடுவே கிளை தொட்டுக்கொள்ளவில்லை என்றால் தரைக்கு இறங்க வேண்டும். அங்கே நாய், வண்டி, மேலே ஏறினால் மின்கம்பி. 2014-ல் காபேரி கர் குப்தா தொடங்கிய நகரத் தேவாங்குத் திட்டத்தில் குடிமக்களே டார்ச்சோடு இரவில் நடந்து இதைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரை ஒட்டி 11,806 ஹெக்டேரை 2022-ல் தேவாங்குச் சரணாலயமாக்கினார்கள். பெங்களூருவில் அப்படி ஒதுக்கக் காடு இல்லை. ஒரு வீட்டு மரம் பக்கத்து வீட்டு மரத்தைத் தொட விடுவதுதான் இங்கே செய்ய முடிந்தது. தனி ஒரு தோட்டத்தால் பட்டாம்பூச்சியைக் காப்பாற்றலாம். தேவாங்குக்குத் தெருவே சேர வேண்டும்.

பாம்பு, கொசு, சங்கம்

இதையெல்லாம் கேட்டுவிட்டு அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் எழும் கேள்விகள் மூன்று. புதர் விட்டால் பாம்பு வராதா? பாம்பு எலிக்கு வருகிறது. எலி குப்பைக்கு வருகிறது. நடைபாதையை ஒட்டி ஓரிரு அடி குட்டையாக வெட்டிவிட்டு, குப்பையை ஒழுங்காக அகற்றினால் அச்சம் பெரும்பாலும் தீரும். தண்ணீர் வைத்தால் டெங்கு வராதா? நியாயமான கேள்வி. 2024-ல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாகவே அறிவித்து, தேங்கிய நீருக்கு அபராதம் வைத்தது. பறவைத் தட்டைத் தினமும் கொட்டிக் கழுவி நிரப்ப வேண்டும். முடியாதவர்கள் தண்ணீர் வைக்க வேண்டாம், ஈரமண் தட்டு போதும். பட்டாம்பூச்சிகள் அதில் அமர்ந்து உப்பு உறிஞ்சும்.

மூன்றாவது, பார்க்க நன்றாக இருக்காதே என்பது. இதற்குத்தான் பதில் சொல்வது கடினம், ஏனென்றால் இரண்டரை நூற்றாண்டாக இந்த ஊர் பழகிய கண் அது. ஆனால் 2024 கோடையில் அந்தக் கண்ணுக்கும் ஒரு சோதனை வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்ற, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் மார்ச் மாதம் அறிவித்தது. லாரித் தண்ணீரில் வளர்ந்த புல்தரைகள் எத்தனையோ வளாகங்களில் கருகின. ஆவாரையும் நொச்சியும் ஆடாதோடையும் அந்த வறட்சிக்கென்றே ஆனவை. வேர்பிடித்துவிட்டால் கோடையில் கைவிட்டாலும் தாங்கும்.

லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். அங்கே ஒருவரிடம் கேட்டேன்.

“அண்ணே, எருக்கங்கன்னு இருக்கா?”

“எருக்கா? அதையெல்லாம் யாருக்கா காசு குடுத்து வாங்குவாங்க? காலி சைட்ல தானா மொளைக்குமே.”

“காலி சைட்டே இல்லையேண்ணே இப்ப.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “வாஸ்தவந்தான். பத்துப் பேர் கேட்டீங்கன்னா ஓசூர் பக்கத்துல சொல்லி வெச்சுக் கொண்டாரேன்.”

பத்துப் பேர் சேர்வது ஒரு குடியிருப்பு வளாகத்தில் பெரிய காரியம் இல்லை. அதைவிட முக்கியமானது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. நகரத்தை இப்போது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டார்கள். நம் வார்டுப் பூங்காவைப் பராமரிக்க ஒப்பந்தக்காரருக்கு என்ன உத்தரவு போகிறது என்று கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே குவிக்கச் சொல்லுங்கள். ஒரு மூலையில் புல்லை வெட்டாமல், தும்பை வந்தால் பிடுங்காமல் விடச் சொல்லுங்கள். பூங்காவுக்குள் பூச்சிமருந்து வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். புதிதாக நடும் கன்றுகளில் புங்கன், நாவல், அத்தி, சரக்கொன்றைக்கு இடம் கேளுங்கள். ஜூனில் மழை பிடித்ததும் நடவு தொடங்கும். அதற்குக் கன்று வாங்கும் பட்டியல் ஏப்ரல், மே மாதத்திலேயே தயாராகிவிடும். மனுவை அதற்கு முன் கொடுத்துவிட வேண்டும்.